பாலத்து மேல தார் ஊத்துறதுக்குப் பேரு பராமரிப்பா?

தேவகோட்டைப் பக்கம் போற வழியில ஒரு மூணு கண் பாலம் இருக்கு, எதுன்னு சொல்ல வேணாம், நம்ம பக்கத்துல இந்த மாதிரி நாலஞ்சு எல்லாருக்கும் தெரியும். மேல நின்னு பாத்தா ஜம்முனு இருக்கு, புதுத் தாரு, வெள்ளக் கோடு. வாய்க்காலுக்குள்ள எறங்கி அண்ணாந்து பாருங்க, காரை பேந்து கம்பி செவசெவன்னு தெரியுது, ஓரத்து வெடிப்புல அரசங்கன்னு ஒண்ணு ஆளு ஒசரத்துக்கு நிக்குது. மழைத்தண்ணி வடியிறதுக்கு ஓரத்துல ஓட்டை விட்டிருப்பாங்கள்ல, அது பூரா தாருக்குள்ள போயிருச்சு, கைப்பிடிச் சுவரே ஒரு சாண் கொறஞ்ச மாதிரி இருக்கு, அவ்வளவு தாரு.

ரெண்டு இஞ்ச் தார்னாலே சதுர மீட்டருக்கு நூறு கிலோவுக்கு மேல வருது, பழச சொரண்டாம மேல மேல போட்டா அந்த பாரம் பூரா பாலத்துக்குத்தான். அதவிட மோசம், வெயிலுக்கு விரிஞ்சு சுருங்க விட்ட எக்ஸ்பான்ஷன் ஜாயின்டையும் சேத்து மூடிடுறாங்க, அந்த எடத்துல தார் வெடிச்சு தண்ணி நேரா பேரிங்குக்கும் (தூணுக்கும் மேல் தளத்துக்கும் நடுவுல தாங்குற மெத்தை) தூணு தலைக்கும் எறங்குது. கம்பி துருப்புடிச்சா ஊதும், ஊதுனா கான்கிரீட்ட ஒடைக்கும், ஒடஞ்சா இன்னும் தண்ணி. பாரத்த விட தண்ணிதாங்க பாதி பாலத்தக் கொல்லுது.

இத்தாலியில ஜெனோவா பாலம் 1967ல தொறந்து 2018 ஆகஸ்ட்ல விழுந்து 43 பேரு போனாங்க. தாங்குற கேபிள் கான்கிரீட் ஒறைக்குள்ள இருந்ததால உள்ள துரு தின்னது வெளிய தெரியல. அதே மாசம் நம்ம திருச்சியில 1928ல கட்டுன பழைய கொள்ளிடம் பாலமும் வெள்ளத்துல தூணு போயி சரிஞ்சுச்சு, நல்லவேளை முன்னாடியே வண்டி விடுறத நிறுத்தியிருந்தாங்க.

நம்மூரு வீடுக நூறு வருஷம் தாண்டி நிக்குதுன்னா பர்மா தேக்கு, முட்டை வெள்ளக்கருன்னு பெரும பேசுறோம். சரிதான், ஆனா வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி ஆள விட்டு ஓடு மாத்தி, முத்தத்துத் தண்ணி போற வழியத் தூர் எடுத்ததும் சேந்ததுதான் அது. பங்காளி சண்டையில பூட்டிக் கெடக்குற வீட்டப் பாருங்க, ஒரு ஓடு ஒடஞ்ச எடத்துலருந்துதான் உத்தரம் இத்துப்போக ஆரம்பிச்சிருக்கும்.

"பழசுதானே, இடிச்சுட்டு புதுசு கட்டுனா போச்சு"ன்னு டீக்கடையில ஒரு அண்ணன் சொல்றாரு. புதுசுக்கும் அதே ஓட்டைய அடைக்கத்தான போறோம்ணே? புதுப் பாலத்துக்கு கல்வெட்டு, ரிப்பன் எல்லாம் உண்டு, அரசங்கன்னு புடுங்குனதுக்கு யாரு வந்து போட்டோ எடுப்பா!

ஐப்பசி மழைக்கு முன்னாடி ரெண்டு ஆளு, ஒரு கடப்பாற, ஒரு நா வேல. போன தடவ ரோடு போட வந்தவங்ககிட்ட பாலத்து மேல மட்டுமாச்சும் பழைய தார சொரண்டிட்டுப் போடுங்க, ஓட்டைய தொறந்து விடுங்கன்னு கேட்டேன். "எஸ்டிமேட்ல இல்லண்ணே"ன்னுட்டாரு மேஸ்திரி. அவரு மேல கோவமில்ல. எஸ்டிமேட் போட்டவங்க எறங்கி அடியில பாத்தாங்களா இல்லையா, அதத்தான் கேக்குறேன்.