வால் ஆட்டுகிறதே என்று நாள் கடத்தாதீர்கள்

தீராத நோய் வந்த நாயை வைத்திருப்பவர்கள் பலரும் ஒரே பேச்சைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள்: "இன்னும் சாப்பிடுது, என்னைப் பார்த்தா வாலாட்டுது." கருணைக்கொலை செய்வதா வேண்டாமா என்பதை இந்த இரண்டையும் நம்பி முடிவெடுக்கக் கூடாது என்பதுதான் என் கட்சி. வலியை மறைப்பது நாயின் சுபாவம். இடுப்பு மூட்டு தேய்ந்து எழுந்திருக்கவே திணறும் நாயும் உங்களைக் கண்டால் வாலாட்டும்.

வலி வேறு இடத்தில் தெரியும். ஓடாமல் ஆடாமலே ராத்திரியில் மூச்சிரைப்பது, படுக்க முடியாமல் இடம் மாற்றிக்கொண்டே இருப்பது, ஒரே இடத்தை ஓயாமல் நக்குவது. இதைப் பார்த்துவிட்டு மனிதர்களுக்கான வலி மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். இபுப்ரூஃபென் நாயின் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமால் கல்லீரலைப் பதம் பார்க்கும். ஏற்கெனவே கொடுத்துவரும் ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்துதான்.

நினைவை நம்பாதீர்கள், எழுதி வையுங்கள். நல்ல நாளுக்கு ஒரு டிக், மோசமான நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. அதற்கு நாள்காட்டியே போதும். கூடவே சில எண்கள். நாய் அயர்ந்து தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள் (கனவில் கால் உதறும்போது எண்ணினால் கணக்கு தப்பும்). நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும். இதய நோய் உள்ள நாய்க்கு அது தொடர்ந்து 30-ஐத் தாண்டினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டிருக்கலாம். இருமல் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மேலுதட்டைத் தூக்கி ஈறை அழுத்தி விட்டால், வெளுத்த இடம் 2 விநாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். ஈறே காகிதம்போல் வெளுத்து நாய் சுருண்டு விழுந்தால், மண்ணீரல் கட்டி உடைந்து உள்ளே ரத்தம் போகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். மறுநாள்வரை தள்ளிப்போடும் விஷயம் அல்ல.

தண்ணீரையும் அளந்து வையுங்கள். 10 கிலோ நாய் ஒரு நாளில் ஒரு லிட்டருக்கு மேல் குடித்தால் அது சாதாரணத் தாகம் இல்லை. சிறுநீரக நோயில் ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறுவதற்குள் ஏறக்குறைய முக்கால்வாசிச் செயல்திறன் போயிருக்கும். ஆகவே "முன்னாடியே கவனிக்காம விட்டுட்டோமே" என்று தலையில் அடித்துக்கொள்பவர்களுக்குச் சொல்கிறேன்: கண்ணுக்குத் தெரியாமல் வளர்ந்த நோய் அது.

அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் ஒரு மதிப்பெண் அட்டவணை வகுத்திருக்கிறார். வலி (மூச்சுத்திணறலும் இதில் அடங்கும்), பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் 10. கூட்டினால் 35-க்கு மேல் வந்தால் தொடரலாம் என்பது கணக்கு. நல்ல கருவிதான், ஆனால் கூட்டுத்தொகை ஏமாற்றும். மற்ற ஆறும் நன்றாக இருந்து மூச்சுவிட மட்டும் திணறினால் அந்த 40 எதற்கு? வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டு ஒப்பிடுங்கள். பாசம் அதிகமுள்ளவர் பெரும்பாலும் கூடுதலாகவே போடுவார்.

"தானா போகட்டும்" என்பது கேட்க இதமாக இருக்கிறது. இதயமோ சிறுநீரகமோ பழுதாகித் தானாகப் போவது பெரும்பாலும் மூச்சுத்திணறலும் வாந்தியுமாக நாள்கணக்கில் இழுக்கும். கருணைக்கொலையில் வழக்கமாக முதலில் மயக்க ஊசி, பிறகு ரத்தக்குழாய் வழியாக மயக்கமருந்தின் மிகை அளவு. சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடும். கண் மூடாது, சிறுநீர் கழியலாம், இறந்த பிறகும் ஓரிரு முறை வாய் திறந்து மூச்சு இழுப்பதுபோல் தோன்றலாம். அது வெறும் தசைத் துடிப்பு. இதை முன்கூட்டியே சொல்லாததால்தான் பலர் "உயிரோட இருந்துச்சோ" என்று வருடக்கணக்கில் மருகுகிறார்கள்.

குழந்தைகளிடம் "தூங்க வச்சுட்டோம்" என்று சொல்லாதீர்கள், தூங்கவே பயப்படுவார்கள். செத்துவிட்டது என்றே சொல்லலாம்.

உடல் சில மணி நேரத்தில் விறைக்கும். அதற்கு முன்பே கால்களை மடக்கி, அடியில் பிளாஸ்டிக் விரிப்பும் துண்டும் போட்டுவிடுங்கள். ஊசி போட்ட உடலைப் புதைத்தால் மூன்றடிக்குக் குறையாத ஆழம் வேண்டும், கிணற்றை விட்டுத் தள்ளி. அந்த மருந்து உடலிலேயே தங்கும், தோண்டித் தின்னும் பறவையோ நாயோ செத்துப்போகும். வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் உடலை மோந்து பார்க்க விடலாம். பிறகு சில வாரம் வாசலில் போய்த் தேடும், சாப்பாடு குறையும். சாப்பிடும் நேரத்தையும் நடைக்குப் போகும் நேரத்தையும் மாற்றாதீர்கள். இரண்டு நாளாக ஒன்றுமே தொடாவிட்டால் அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.