சட்னி வாளியும் மூன்று ஹெச்.எம்.களும்

(மும்பை தாராவியில், 90 அடி ரோட்டை ஒட்டி ஒரு மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி. வாசலில் பியூனின் ஸ்டூலை இட்லிக்கார அண்ணாச்சி பிடித்துக்கொண்டார். பியூன் நிற்கிறார். முக்கில் இட்லி சைக்கிள், பக்கத்தில் கையாள் முத்து.)

அண்ணாச்சி: டேய் முத்து! நான் சொல்லாமல் சட்னி வாளியைத் தொடாதே. நேற்று நீ ஊற்றின ஊற்றலில் லாபமெல்லாம் தட்டோடு போச்சு. அப்புறம் தம்பி, புது ஹெச்.எம். மேடம் எப்படி?

பியூன்: எதையும் கேட்டுக் கேட்டுத்தான் செய்கிறார், அண்ணாச்சி. இடைவேளை மணியை 9.30-க்கு அடிக்கலாமா, 9.40-க்கு அடிக்கலாமா என்று மீட்டிங் போட்டார். அடிக்கிறவன் என்று என்னிடமும் கேட்டார். பேசி முடிக்கும்போது மணி 10.15.

அண்ணாச்சி: அதுதான் நேற்று 30 இட்லி மீந்துபோச்சு! முன்னே இருந்த சார் தேவலையே.

பியூன்: எங்கே தேவலை? டைம்டேபிள் கேட்டாலும், தண்ணீர்க் குழாய் உடைந்தாலும் ஒரே பதில்தான், "நீங்களே பார்த்துக்கோங்க". ஒருநாள் ஆறாம் வகுப்புக்குள் மூன்று டீச்சர்கள். ஏழாம் வகுப்பில் நான்.

அண்ணாச்சி: நீ என்ன பாடம் எடுத்தே?

பியூன்: மணி அடிக்கிறது எப்படி என்று.

அண்ணாச்சி: அவருக்கும் முந்தின அம்மாதான் ஹெச்.எம்.! ஏழு மணிக்கு ஒரு நிமிடம் பிந்தினாலும் மஸ்டரில் சிவப்புப் பேனா. அதட்டினால்தான் தம்பி வேலை நடக்கும்.

பியூன்: போன வாரம் ஹெச்.எம்.களுக்கு டிரெயினிங். கட்டிங் டீ கொண்டுபோனபோது காதில் விழுந்தது. குர்ட் லெவின் என்று ஒரு மனோதத்துவ நிபுணர், கூட இரண்டு பேர். அமெரிக்காவில் பத்து வயதுப் பையன்களைக் குழுக்களாகப் பிரித்து, முகமூடி மாதிரி ஏதாவது செய்ய விட்டுப் பார்த்து, 1939இல் எழுதினார்களாம். தலைவர்களை மாற்றி மாற்றிப் போட்டார்களாம்: அதட்டுகிறவர், கலந்து பேசுகிறவர், கண்டுகொள்ளாதவர்.

அண்ணாச்சி: நம்ம மூன்று பேர்!

பியூன்: அதட்டுகிறவர் அறையில் இருக்கிறவரை வேலை ஜோராக நடந்ததாம். அவர் வெளியே போனதும் பையன்கள் போட்டது போட்டபடி உட்கார்ந்துவிட்டார்கள். கலந்து பேசுகிறவர் போனாலும் அந்தக் குழுவில் வேலை அதுபாட்டுக்கு நடந்ததாம்.

அண்ணாச்சி: இதற்கு அமெரிக்கா எதற்கு? அந்த அம்மா வார்டு ஆபீஸுக்குப் போகிற அன்றைக்கு டீச்சர்கள் பாதிப் பேர் என் சைக்கிளைச் சுற்றித்தான் நிற்பார்கள். ஒன்பதுக்கே டப்பா காலி!

பியூன்: அதனால்தான் அவரை உங்களுக்குப் பிடிக்கும்.

அண்ணாச்சி: சே சே, ஒழுங்குக்காகச் சொல்கிறேன்.

முத்து: (முக்கிலிருந்து) அண்ணாச்சி! ஆறு பேர் தட்டோடு நிற்கிறாங்க! இட்லி ஆறுது!

அண்ணாச்சி: சட்னியை ஊற்றவேண்டியதுதானேடா!

முத்து: நீங்க சொல்லலையே!

(அண்ணாச்சி எழுந்து ஓடுகிறார்.)

பியூன்: (ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு) அண்ணாச்சி, 1939!