இன்ஜின் நின்றால் விமானம் விழாது

2025 நவம்பர் 13 அன்று சேலத்திலிருந்து கிளம்பிய ஒரு செஸ்னா 172 பயிற்சி விமானம், திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் நார்த்தாமலைப் பக்கம் அவசரமாக இறங்கியது. உள்ளே இருந்தவர்கள் உயிரோடு வெளியே வந்தார்கள். அன்று என் டைம்லைனில் இரண்டே வகைப் பதிவுதான். ஒன்று, "கடவுள் காப்பாற்றினார்". இன்னொன்று, "இவங்களுக்கெல்லாம் யார் லைசென்ஸ் கொடுத்தது?" மறுநாள் நம்ம திருப்போரூர் அருகே விமானப்படையின் பிலாட்டஸ் பயிற்சி விமானம் நொறுங்கி, பைலட் குதித்துத் தப்பியதும் இரண்டையும் சேர்த்துப் போட்டுக் கலக்கினார்கள்.

மீனம்பாக்கத்தில் கொஞ்ச காலம் பறக்கக் கற்றுக்கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: சாலையில் இறங்கியது அதிசயமும் இல்லை, அலட்சியமும் இல்லை. அது பாடத்திட்டத்தில் இருப்பது.

இன்ஜின் நின்ற சின்ன விமானம் கல் மாதிரி விழாது. இறக்கை அப்படியேதான் இருக்கிறது. செஸ்னா 172 ஒரு அடி கீழே இறங்குவதற்குள் சுமார் ஒன்பது அடி முன்னால் போகும். மீனம்பாக்கத்துக்கு மேலே 5000 அடியில் இன்ஜின் போனாலும், எதிர்க்காற்று இல்லையென்றால் மெரினா கலங்கரை விளக்கம் வரை சறுக்கிக்கொண்டே போகலாம். கையில் ஆறேழு நிமிடம் இருக்கும்.

பயிற்சியில் இதை எப்படிச் சொல்லித் தருவார்கள் தெரியுமா? செங்கல்பட்டுப் பக்கம் ஏரிகளைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாகப் போய்க்கொண்டிருப்போம். பக்கத்தில் இருக்கும் சார் சத்தமில்லாமல், இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைப் பின்னால் இழுத்துவிடுவார். "தம்பி, இன்ஜின் போச்சு. எங்க எறங்கப் போற?" முதலில் மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி வேகத்தைப் பிடிக்க வேண்டும், 65 நாட் பக்கம், அதாவது மணிக்கு சுமார் 120 கி.மீ. அப்புறம்தான் இடம் தேடுவது. தண்ணீர் கட்டிய வயல் மேலிருந்து அழகாக, சமமாகத் தெரியும். முன்சக்கரம் சேற்றில் புதைந்தால் விமானம் குப்புறக் கவிழ்ந்துவிடும். காய்ந்த ஏரி நல்லது. மின்கம்பி மேலிருந்து கண்ணுக்கே தெரியாது, அதனால் கம்பத்தைத் தேட வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை எங்காவது எழும் புகை சொல்லிவிடும். ரேடியோவில் பேசுவதெல்லாம் கடைசி.

ஆளைக் கொல்வது பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கிறது. ஓடுபாதையை விட்டு எழும்பி 400 அடியில் இன்ஜின் நின்றால் அரை நிமிடம்தான் மிச்சம். பின்னால் ஓடுபாதை கண்ணுக்கு முன்னால் இருப்பது போலவே தோன்றும். திரும்பிவிடலாம் என்று கை துடிக்கும். சட்டென்று 60 டிகிரி சாய்த்துத் திருப்பினால், இறக்கை தாங்குவதற்குத் தேவைப்படும் குறைந்தபட்ச வேகம் 41 சதவீதம் கூடிவிடும். அந்த வேகம் நம்மிடம் இருக்காது. அப்போதுதான் விமானம் நிஜமாகவே விழும். பின்னால் இருக்கும் ஓடுபாதையை மறந்துவிட்டு நேரே முன்னால் இருப்பதில் இறங்கு என்பார்கள். கேட்பதற்கு எளிது. முன்னால் பம்மலும் பொழிச்சலூரும் வீடு வீடாக விரிந்து கிடக்கும்போது என்ன செய்வது என்பது என் நிரந்தரக் கவலை.

இன்ஜின் ஏன் நிற்கிறது? பல நேரம் காரணம் சப்பையாக இருக்கும்: பெட்ரோல் தீர்ந்துபோவது, பெட்ரோலில் தண்ணீர் கலப்பது. ஒவ்வொரு நாளும் கிளம்பும் முன் இறக்கைக்கு அடியிலிருந்து ஒரு கண்ணாடிக் குழலில் கொஞ்சம் பெட்ரோல் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்போம். விமானப் பெட்ரோல் இளநீலமாக இருக்கும். தண்ணீர் இருந்தால் அடியில் நிறமில்லாத குமிழியாக நிற்கும். 2015இல் நடிகர் ஹாரிசன் ஃபோர்டு கோல்ஃப் மைதானத்தில் இறங்கினாரே, அவருடைய பழைய விமானத்தில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குள், பெட்ரோலை அளந்து விடும் ஜெட் என்ற சின்னத் துளைத் திருகு கழன்றிருந்தது.

இன்னொன்றைச் சென்னைக்காரர்கள் நம்பவே மாட்டார்கள்: கார்புரேட்டரில் ஐஸ் கட்டுவது. வெளியே 30 டிகிரி இருக்கலாம், நமக்கு வியர்த்துக் கொட்டும். ஆனால் கார்புரேட்டரின் குறுகலான வழியில் பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே வெப்பம் 30 டிகிரிக்கும் மேல் குறைந்துவிடலாம். கடற்காற்றின் ஈரம் அங்கே உறையும். த்ராட்டிலைக் குறைத்து இறங்கும்போது இது அதிகம். சூடான காற்றை உள்ளே விடும் கைப்பிடியை இழுத்தால், உருகிய தண்ணீரைக் குடித்து இன்ஜின் முதலில் இன்னும் மோசமாக இருமும். பயந்துபோய் மூடிவிடக் கூடாது. தரையில் வந்து திறந்து பார்த்தால் ஐஸ் உருகிப்போய் ஒரு தடயமும் இருக்காது. புதிய 172களில் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் என்பதால் இந்தத் தொல்லை இல்லை.

ஆக, "லைசென்ஸ் யார் கொடுத்தது" என்று கேட்டவர்களுக்கு: அந்தச் சாலையில் இறக்கியது மாதிரி இறக்கத் தெரிந்ததற்காகத்தான் கொடுக்கிறார்கள்.

கூடவே ஒன்று. இப்படி ஒரு விமானம் உங்கள் ஊரில் இறங்கினால், உள்ளே இருப்பவர்களுக்கு உதவுங்கள்; ஆனால் செல்ஃபிக்காக ப்ரொப்பல்லரில் சாய்ந்து நிற்காதீர்கள். இந்த இன்ஜின்களில் தீப்பொறி, இன்ஜின் சுற்றும்போது தானே மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட்டோவிலிருந்து வருகிறது, பேட்டரி தேவையில்லை. சாவி சரியாக அணைக்கப்படாமல் இருந்தால், கையால் லேசாகத் தள்ளினாலே ப்ரொப்பல்லர் சுற்றிவிடலாம். பெட்ரோல் இருப்பது இறக்கைக்குள். பீடி, சிகரெட்டை ரொம்பத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.