சுத்தம் ரத்தத்தில் வரவில்லை

ஜப்பானில் ஒரு மலையூர் குப்பையைப் பிரிப்பதைக் காட்டும் அந்த வீடியோவை இதுவரை பதினோரு பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். பார்த்துவிட்டேன், இனி அனுப்ப வேண்டாம். அதன் தலைப்பு தவறு என்று கீழே நான் போட்ட கமெண்டுக்கு என்னென்ன பதில் வந்தது என்பதையும் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அங்கே போய் மறுபடி எழுத மனம் வரவில்லை. அதனால்தான் என் பக்கத்தில் எழுதுகிறேன்.

"ஜப்பான்காரனுக்குச் சுத்தம் ரத்தத்திலேயே இருக்கிறது." இதுதான் தலைப்பு. லட்சக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள். ஊர்ப் பெயரைக்கூடச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். கமிகாட்சு. ஷிகோகு தீவில், தொகுஷிமா மாகாணத்தில், மலைகளுக்கு நடுவில் இருக்கிறது. 1955-இல் இரண்டு கிராமங்களை இணைத்து இந்த ஊரை உண்டாக்கியபோது ஆறாயிரத்துக்கும் மேல் மக்கள் இருந்தார்கள். இன்று ஆயிரத்து ஐந்நூறுகூட இல்லை. அதிலும் பாதிக்கு மேல் 65 வயதைத் தாண்டியவர்கள்.

ரத்தத்தில் இருந்தது என்றால் இதே மக்கள் 1990-கள் வரை குப்பையைத் திறந்தவெளியில் போட்டு ஏன் எரித்தார்கள்? பிளாஸ்டிக்கையும் சேர்த்துத்தான் எரித்தார்கள். அது கூடாது என்றானதும் 1998-இல் இரண்டு சிறிய எரி உலைகள் வாங்கினார்கள். அடுத்த வருடமே, குப்பை எரியும்போது வரும் டையாக்ஸின் என்ற நச்சைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. வாங்கி மூன்று வருடம் ஆவதற்குள் இரண்டையும் மூட வேண்டியதாகிவிட்டது. புதிதாகப் பெரிய உலை கட்டப் பணம் இல்லை. எரிக்கவும் முடியாது, புதைக்கவும் இடமில்லை என்று ஆன பிறகுதான் குப்பையை வகை வகையாகப் பிரித்தார்கள். 2001-இல் 35 வகை. 2003-இல் 'இனி எரிக்க மாட்டோம், புதைக்க மாட்டோம்' என்று ஜப்பானிலேயே முதல் ஊராக அறிவித்தார்கள். 2016-இல் 45 வகை. ஊர் நிர்வாகத்தின் ஊழியர்கள் ஒவ்வொரு குடியிருப்பாகப் போய் உட்கார்ந்து விளக்கியிருக்கிறார்கள். முணுமுணுப்பு இருந்தது, எதிர்ப்பு இருந்தது. ரத்தத்தில் இருக்கிற ஒன்றை யாராவது இப்படி வீடு வீடாகப் போய்ச் சொல்லித் தருவார்களா?

நான் ஒசாகாவுக்கு வந்த முதல் மாதம், வெளியே வைத்த என் குப்பைப் பையைச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி அப்படியே விட்டுப் போய்விட்டார்கள். காலி டின்கள் வைக்கும் நாளில் வேறு எதையோ கலந்து வைத்திருந்தேன். வெளிநாட்டுக்காரன் என்று எல்லாருக்கும் தெரிந்துபோகுமே என்று கூனிக்குறுகிப் பையைத் தூக்கிக்கொண்டு மாடியேறினேன். அடுத்த வாரம் பார்த்தால் பக்கத்து வீட்டு இளைஞனின் பையிலும் அதே ஸ்டிக்கர். அவன் ஒசாகாவிலேயே பிறந்து வளர்ந்தவன். எங்கே போயிற்று அவன் ரத்தம்?

"ஜப்பானில் சம்பாதித்துக்கொண்டு ஜப்பானையே குறை சொல்கிறாயா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். குறை சொல்லவில்லை ஐயா. நான் அந்த ஊரைப் புகழ்கிறேன். அவர்கள் பட்டபாட்டை மறைத்துவிட்டுப் பிறவிக்குணம் என்று சொல்வதுதான் குறை சொல்வது. "பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளே வகுப்பறையைக் கூட்டுகிறார்களே" என்று இன்னொருவர். சரி, உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதுவும் ஆறு வயதிலிருந்து கையில் துடைப்பம் கொடுத்துப் பழக்குவதால் வருவது. இதையும் ரத்தம் என்றால் நான் என்ன சொல்ல?

போன வருடம் நவம்பரில் ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கமிகாட்சுவுக்குப் போனேன். ஒசாகாவிலிருந்து பஸ்ஸில் தொகுஷிமா நகரம், அங்கிருந்து நண்பனின் காரில் ஒரு மணி நேரம், காட்சுஉரா ஆற்றை ஒட்டியே மலைப்பாதை. குப்பை வண்டி இந்த ஊருக்குள் வீடு வீடாக வருவதில்லை. அவரவர் குப்பையை அவரவரே சேகரிப்பு மையத்துக்குக் கொண்டுவர வேண்டும். 2020-இல் திறந்த அந்தப் புதிய மையம் மேலிருந்து பார்த்தால் கேள்விக்குறி வடிவில் இருக்கும். சுவர் முழுக்க ஊர்க்காரர்கள் கொடுத்த பழைய ஜன்னல்கள், கிட்டத்தட்ட எழுநூறு. ஒவ்வொரு பெட்டிக்கு மேலும் ஒரு பலகை. இந்தப் பொருள் எங்கே போகிறது, என்னவாக மாறுகிறது, கிலோவுக்கு எவ்வளவு வரவு அல்லது செலவு என்று எழுதியிருக்கிறது. ஒரு பெரியவர் கழுவிக் காயவைத்த பால் அட்டைப்பெட்டிகளை விரித்து, அடுக்கி, கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சு சரியாக விழவில்லை. அவிழ்த்து மறுபடி கட்டினார். மூன்றாவது தடவைதான் அவருக்குத் திருப்தி. அந்த விரல்களைப் பார்த்தவர்கள் ரத்தம் என்று பேச மாட்டார்கள். கார் இல்லாத முதியவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டவருக்கும் பதில் உண்டு. அவர்கள் வீட்டுக்கு ஊர் நிர்வாகமே போய் எடுத்து வருகிறது.

இவ்வளவு செய்தும் எண்பது சதவீதம்தான் மறுசுழற்சிக்குப் போகிறது. டயபர், ரப்பர், பிவிசி போன்றவற்றை இன்னும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதை அவர்கள் ஒளிக்கவும் இல்லை. வீடியோதான் "குப்பையே இல்லாத ஊர்" என்கிறது.

ஆனால் எனக்கு உண்மையில் வலித்தது குப்பை விஷயம்கூட இல்லை. நடுவில் நான்கு விநாடி வருகிறாரே ஒரு மூதாட்டி, "இந்த வயதிலும் இலை பொறுக்கிப் பிழைக்கும் பாட்டி" என்று எழுத்து ஓடுகிறதே, அதுதான்.

பொறுக்கிப் பிழைப்பதா? 1981 பிப்ரவரியில் கடும் குளிர் வந்து இந்த ஊரின் ஆரஞ்சு மரங்கள் அநேகமாக எல்லாம் பட்டுப்போயின. மர வியாபாரமும் அதற்கு முன்பே படுத்துவிட்டது. விவசாயக் கூட்டுறவில் வேலை செய்த யோகோயிஷி தோமோஜி, ஒசாகாவில் ஒரு சுஷி கடையில், தட்டில் அலங்காரமாக இருந்த மேப்பிள் இலையை ஒரு பெண் கைக்குட்டையில் பத்திரமாக வைத்துக்கொள்வதைப் பார்த்தார். இலையை விற்கலாம் என்று ஊரில் வந்து சொன்னபோது, நரி இலையைக் காசாக்குவதெல்லாம் பழங்கதையில்தான் நடக்கும் என்றார்கள். 1986-இல் நான்கே விவசாயிகளோடு ஆரம்பித்தது. முதலில் விலை போகவில்லை. எந்த அளவு, எந்த நிறம், எந்தப் பருவத்துக்கு என்ன இலை என்று தெரிந்துகொள்ள அவர் சொந்தச் சம்பளத்தில் பெரிய உணவகங்களில் சாப்பிட்டுப் பழகினார். இன்று முந்நூறுக்கும் மேற்பட்ட வகை போகிறது. அந்தப் பாட்டிகள் கம்ப்யூட்டரில் ஆர்டர் பார்க்கிறார்கள். விற்பனையில் தாம் எத்தனையாவது இடம் என்பதையும் அதில் பார்க்கிறார்கள். அவர்கள் வியாபாரிகள்.

நான் சந்தித்த அம்மாவுக்கு எண்பது இருக்கும். தாழ்வான ஸ்டூலில் உட்கார்ந்து, சிவந்த மேப்பிள் இலைகளை ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துத் தட்டில் ஒரே அளவாக அடுக்கிக்கொண்டிருந்தார். ஒன்றை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். குண்டூசி முனையளவு ஓட்டை. ஒன்றும் சொல்லாமல் ஓரமாகப் போட்டார். படம் எடுக்கலாமா என்று கேட்டேன். "கையை மட்டும் படம் எடு, முகம் வேண்டாம். போன தடவை வந்தவர்கள் கேட்காமலே எடுத்துப் போனார்கள்" என்றார்.

வீடியோவில் இருப்பது இவரா வேறொருவரா, தெரியாது. அந்த முகத்திடம் யாராவது அனுமதி கேட்டார்களா என்பதுதான் நேற்றிலிருந்து மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. பதிவிட்டவர் இதைப் படித்தால், தயவுசெய்து அந்த நான்கு விநாடியை வெட்டிவிடுங்கள். தலைப்பைப் பற்றி அப்புறம் சண்டை போட்டுக்கொள்ளலாம்.