"நம்ம ஆளா?" என்பதைத் தவிர வேறு கேள்வியே இல்லையா?

2024 மக்களவைத் தேர்தலுக்கு நாலு நாள் இருக்கும்போது, எங்கள் மத்திய சென்னை தொகுதியில் நின்ற முக்கிய வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்களைத் தேர்தல் ஆணையத்தின் தளத்திலிருந்து இறக்கி, ஜெராக்ஸ் போட்டு, அடுக்குமாடியின் கீழ்த்தளப் பலகையில் குத்தி வைத்தேன். முதலில் வந்தவர் ஒரு தாளைக்கூடப் புரட்டவில்லை. "இதுல யாரு சார் நம்ம ஆளு?" என்றார். வயிறு எரிந்தது.

ஐயா, அந்தத் தாளில் என்ன இருக்கிறது தெரியுமா? வேட்பாளர் மேல் எத்தனை வழக்கு, எந்தப் பிரிவில், எந்த நீதிமன்றத்தில். அவர் பெயரிலும் மனைவி பெயரிலும் எவ்வளவு நகை, எந்த ஊரில் எத்தனை ஏக்கர், எந்த வங்கியில் எவ்வளவு கடன், 5 வருட வருமானக் கணக்கு. எல்லாம் அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. பொய் எழுதினால் 6 மாதம் வரை சிறை. சும்மா கிடைத்ததா இது? உச்ச நீதிமன்றம் வரை போய் வழக்காடி, 2002-ல் வாங்கிய உரிமை. பெண்ணைக் கொடுப்பதற்கு முன் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி நாலு தெரு தள்ளிப் போய் விசாரிக்கிறோம். ஐந்து வருடம் நம் பெயரில் பேசப்போகிறவரைப் பற்றிப் பத்து நிமிஷம் படிக்க முடியாதா?

"நம்ம ஆளு" கேட்டவராவது ஓட்டுப் போட்டார். ஏப்ரல் 19 வெள்ளிக்கிழமை. மூன்று நாள் லீவு என்று வியாழன் ராத்திரியே எங்கள் பார்க்கிங்கில் பாதி காலி. பூத் சிலிப் கதவிடுக்கில் அப்படியே கிடந்தது. எங்கள் தொகுதியில் பதிவானது சுமார் 54 சதவீதம். தருமபுரியில் 81! பிழைப்புக்காக வெளியூர் போனவர்கள் நிறைந்த மாவட்டம் அது. இங்கே பூத் அடுத்த தெருவில்.

அப்புறம் எதிர்வீட்டுக்காரர். வாக்காளர் அட்டையை ஆட்டிக்கொண்டு பூத்தில் சத்தம் போட்டார். பட்டியலில் பெயர் இல்லை. அட்டை கையில் இருந்து என்ன பயன், பட்டியலில் பெயர் இருக்க வேண்டாமா? வீடு மாறியபோதே முகவரி மாற்றத்துக்கான படிவம் 8 கொடுத்திருக்கலாம். வாக்காளர் உதவி எண்ணான 1950-ஐ அழைத்து முன்கூட்டியே கேட்டிருக்கலாம். ஓட்டுப் போடுகிற அன்றைக்குத்தான் ஞாபகம் வருகிறது.

சனிக்கிழமை பார்த்தால், என் தாள்கள் மேலேயே தண்ணீர்த் தொட்டி கழுவும் நோட்டீஸைக் குத்தியிருந்தார்கள். கழற்றி எடுத்து வந்துவிட்டேன். அடுத்த முறை பலகை வேண்டாம். ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டிக் கையிலேயே கொடுக்கப்போகிறேன்.