இடிப்பதற்கு முன் பொதுச்சுவரைப் பாருங்கள்
மதுரை மாசி வீதிச் சந்துகளில் பழைய வீடு வாங்கினால் மனைக்குத்தான் விலை, கட்டடத்தை இடித்துவிடலாம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். ஒரு சென்ட் மனையில் அது அவ்வளவு லேசில்லை. பல வீடுகளுக்குப் பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர்; அவர்கள் உத்தரமும் அதில்தான் உட்கார்ந்திருக்கும். மீனாட்சி கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் உயர்த்திக் கட்டவும் அனுமதி கிடையாது. தெற்கு மாசி வீதிப் பக்கம் என் சித்தப்பா வாங்கிய வீட்டில், தேக்கு உத்தரம் சுவருக்குள் நுழையும் முனை மட்டும்தான் உளுத்திருந்தது; திருப்புளியால் குத்தினால் பொலபொலவென்று உதிர்ந்தது. ஆசாரி அந்த முனையை மட்டும் வெட்டி வேறு தேக்கு சேர்த்தார், மீதி இன்றும் உறுதியாக நிற்கிறது. அப்புறம், அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் பழைய சுவருக்குச் சிமெண்ட் பூசச் சொல்கிறார். தயவுசெய்து வேண்டாம். சுண்ணாம்புச் சுவரில் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்துவிடும். மூலப்பத்திரத்தில் நான்கெல்லை பார்க்கும்போதே பொதுச்சுவரில் யாருக்கு என்ன பாத்தியம் என்று வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.