சங்கம்னா முதலில் பிபிஓ-வைப் பிரித்துப் பார்க்கணும்

டிசம்பர் 7 கொடி நாள் நெருங்கினால் சென்னையில் முன்னாள் படைவீரர் சங்கங்கள் எல்லாம் சுறுசுறுப்பாகிவிடும். மேடை, பொன்னாடை, மதியச் சாப்பாடு, குரூப் போட்டோ. அதில் தப்பே இல்லை. வாலிபத்தை எல்லையில் கழித்துவிட்டு வந்தவருக்கு ஒரு நாள் மரியாதை கிடைக்கட்டும். ஆனால் சிப்பாய், நாயக், ஹவில்தாராக ஓய்வு பெற்றவர்களுக்காக நடக்கிற சங்கத்துக்கு முதல் வேலை வேறு. உறுப்பினர் உயிரோடு இருக்கும்போதே அவர் வீட்டுக் காகிதங்களை, முக்கியமாக பிபிஓ என்கிற ஓய்வூதிய ஆணையை, சரி பண்ணிக் கொடுப்பதுதான் அது. இதை நான் ஆணித்தரமாகச் சொல்வேன். அவர் போன பிறகு அதே வேலை பத்து மடங்கு கஷ்டம். அலைவதும் அவர் அல்ல, அவர் மனைவி, அந்த அம்மா.

எங்கே சிக்குகிறது என்றால், பெரும்பாலும் பெயரில். கல்யாணம் ஆன புதிதில் யூனிட் கிளார்க்கிடம் சொன்ன பெயர், குடும்ப விவரம் பதிகிற பார்ட் டூ ஆர்டரில் ஏறும், அங்கிருந்து பணி முடியும்போது தரும் டிஸ்சார்ஜ் புக்குக்கும் பிபிஓ-வுக்கும் போகும். கிளார்க் வடக்கே எங்கேயோ பிறந்தவர். முனியம்மாள் அவர் கையில் மணியம்மாள் ஆகிவிடுவார். முப்பது வருஷம் கழித்து ஆதாரில் முனியம்மா, பான் கார்டில் புருஷன் பெயரும் சேர்ந்து முனியம்மா பெருமாள், பேங்க் பாஸ்புக்கில் பி.முனியம்மாள். நமக்கு எல்லாம் ஒரே ஆள்தான். கம்ப்யூட்டருக்கு நாலு பேர். நம்ம ஊர் இனிஷியல் முறை பட்டாளத்து ஃபாரத்தில் எந்தக் கட்டத்திலும் உட்காராது என்பதால், ஆண்களின் பெயரிலும் இதே கூத்துதான்.

பெயரைவிட மோசம் பிறந்த தேதி. பழைய பிபிஓ பலவற்றில் மனைவியின் பிறந்த தேதியே இருக்காது. இப்போதைக்கு ஒன்றும் ஆகாது, பென்ஷன் வந்துகொண்டிருக்கும். ஆனால் கணவர் இறந்த பின் குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவருக்கும் 80 வயதில் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடும், 85-ல் 30, 90-ல் 40 என்று ஏறும். தேதி பதிவில் இல்லாவிட்டால் அந்த ஏற்றம் தானாக வராது. எண்பது தாண்டிய அம்மா பழைய தொகையையே வாங்கிக்கொண்டு, பாக்கி இருப்பதே தெரியாமல் இருப்பார்.

சரி பண்ணும் வழி ஒன்றும் ரகசியம் இல்லை. சின்ன எழுத்துப் பிழை, போன் நம்பர், முகவரி எல்லாம் ஸ்பர்ஷ் என்கிற பாதுகாப்புத் துறை ஓய்வூதியத் தளத்தில் லாகின் செய்து விண்ணப்பித்தால் போதும். மனைவியின் பெயரையே சேர்க்கணும், ஓய்வுக்குப் பின் பிறந்த பிள்ளையைச் சேர்க்கணும் என்றால் அவருடைய படைப்பிரிவின் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்குத்தான் எழுதணும். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு வெலிங்டன், எம்இஜி என்கிற மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்புக்கு பெங்களூரு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், ஈஎம்இ என்கிற மின், இயந்திரப் பொறியியல் பிரிவுக்கு செகந்திராபாத், பீரங்கிப் படைக்கு நாசிக். பிபிஓ நகல், டிஸ்சார்ஜ் புக்கில் குடும்ப விவரம் இருக்கும் பக்கங்கள், ஆதார், பான், இரண்டு பெயரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரம் இவற்றோடு அவர் கையெழுத்துப் போட்ட விண்ணப்பம் போகணும். அவர் இருக்கும்போது அவர் கையெழுத்தே பெரிய அத்தாட்சி. இல்லாதபோது அதற்குப் பதிலாக எத்தனை சான்று கேட்பார்கள் என்பது அலைந்தவர்களுக்குத் தெரியும்.

மனவளர்ச்சி குன்றிய பிள்ளையோ உழைத்துச் சம்பாதிக்க முடியாத மாற்றுத்திறனாளிப் பிள்ளையோ வீட்டில் இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். பெற்றோருக்குப் பின் அந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் பெற வழி இருக்கிறது. அப்பா இருக்கும்போதே பெயரைப் பதிந்து வைக்கலாம். ஊரெல்லாம் தெரிந்த சங்க நிர்வாகிக்கு எந்த வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருக்கிறது என்பதும் தெரிந்திருக்கணும்.

இறப்பு நேர்ந்த வீட்டில் முதல் வாரம் நடக்கிற தவறுகள் இரண்டு. ஒன்று, ஏடிஎம் கார்டு. அவர் இறந்த பிறகும் கணக்கில் பென்ஷன் ஏறும். காரியச் செலவுக்கு மகன் எடுத்துவிடுவான். அது அரசுக்குத் திரும்பவேண்டிய பணம், பின்னால் அம்மாவின் ஓய்வூதியத்தில் பிடிப்பார்கள். இரண்டாவது, அப்பாவின் சிம்மை உடனே நிறுத்திவிடுவது. பேங்க் ஓடிபி, ஸ்பர்ஷ் ஓடிபி எல்லாம் அந்த நம்பருக்குத்தான் வரும். அம்மா பெயரில் ஓய்வூதியம் ஏறும்வரை அந்த சிம் ரீசார்ஜில் இருக்கட்டும்.

இறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிடணும். ஆஸ்பத்திரியில் ஃபாரம் எழுதும்போதே பிபிஓ-வில் உள்ளபடி பெயரை எழுதச் சொல்லுங்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் ஸ்பர்ஷ் முகப்பிலேயே இறப்பைத் தெரிவிக்கலாம், லாகின் வேண்டாம். மனைவி பெயர் பிபிஓ-வில் சரியாக இருந்து, பென்ஷன் கணக்கும் ஜாயின்ட்டாக இருந்தால் வேலை சுலபம். இறந்த நாள்வரைக்கான பாக்கி தனி, மறுநாளிலிருந்து குடும்ப ஓய்வூதியம் தனி. தேனாம்பேட்டையில் சிடிஏ என்கிற பாதுகாப்புக் கணக்கு ஆபீஸ் பக்கத்திலேயே இருப்பது நம் பாக்கியம். திருவண்ணாமலைக்காரர்களுக்கு அது இல்லை.

தொகையைப் பற்றியும் முன்கூட்டியே அந்த அம்மாவிடம் சொல்லிவிடணும். சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். குறைந்தபட்சம் 9,000 ரூபாய், அதன்மேல் அகவிலைப்படி. ஓய்வு பெற்ற பின் இறந்தவர் என்றால் 7 ஆண்டு அல்லது அவருக்கு 67 வயது முடிந்திருக்கக்கூடிய நாள், எது முந்தியோ அதுவரை 50 சதவீத விகிதம். 62-ல் போனவரின் மனைவிக்கு ஐந்து வருஷம் கழித்து தொகை சட்டென்று இறங்கும். பேங்க் ஏமாற்றிவிட்டது என்று அழுதுகொண்டு வருவார்கள். 67 தாண்டிப் போனவர் வீட்டில் தொடக்கத்திலிருந்தே 30தான். அவர் பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கி (கம்யூட் பண்ணி) இருந்தாலும், அதற்காகக் குடும்ப ஓய்வூதியத்தில் எதுவும் பிடிக்க மாட்டார்கள். இந்தப் பயமும் நிறையப் பேருக்கு இருக்கிறது.

முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இசிஹெச்எஸ் பற்றிச் சுருக்கமாக: அவசரத்தில் அதன் பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியில் சேர்த்தால் 48 மணி நேரத்துக்குள் திட்டத்தின் பாலிகிளினிக்குக்குத் தகவல் போகணும். மகனுக்கு 25 வயது, வேலை, கல்யாணம் இதில் எது முதலில் வந்தாலும் அவன் கார்டு அத்தோடு சரி.

பென்ஷனே இல்லாதவர்களைச் சங்கங்கள் மறந்துவிடுகின்றன. பதினைந்து வருஷம் முடிக்காமல் வெளியே வந்தவர்கள், அவர்களுடைய விதவைகள். 65 வயது தாண்டி வறுமையில் இருந்தால் முன்னாள் படைவீரர் நலனுக்கான மத்திய வாரியமான கேந்திரிய சைனிக் போர்டின் மாத உதவி உண்டு. 4,000 ஆக இருந்ததை 2025 நவம்பர் 1 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு 8,000 ஆக்கியிருக்கிறார்கள். கல்வி உதவி ஒரு பிள்ளைக்கு மாதம் 1,000-லிருந்து 2,000 ஆனது, மகள் திருமண உதவி 50,000-லிருந்து ஒரு லட்சம். எல்லாம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகத்தான். ஆவடியிலும் மேடவாக்கத்திலும் குடியிருந்துகொண்டு பதிவை வேலூரிலேயே வைத்திருக்கிறவர்கள் ஏராளம். கடைசித் தேதியில் இங்கே போய் நின்றால் உங்கள் கோப்பு அங்கே இருக்கிறது என்பார்கள். பதிவை மாற்றுவது ஒரு விண்ணப்பத்தில் முடிகிற காரியம்.

உதவி மையம் நடத்துகிற சங்கத்துக்கு இரண்டு கட்டுப்பாடு வேண்டும். யாருடைய பாஸ்வேர்டையும் நோட்டில் எழுதி வைக்கக்கூடாது. வாங்கிக் கொடுத்த நிலுவைத் தொகையில் சதவீதம் கேட்கவே கூடாது. சந்தாவுக்கு ரசீது கொடுங்கள், அதற்கு மேல் ஒரு பைசா வேண்டாம். விதவையின் பணத்தில் பங்கு கேட்கிறவரை மேடையில் உட்கார வைக்காதீர்கள்.

இதற்கெல்லாம் தனி முகாம்கூட வேண்டாம். நவம்பரில் உயிர்வாழ்ச் சான்றுக்கு எப்படியும் எல்லோரும் வருகிறார்கள். ரேகை தேய்ந்தவர்களுக்கு முகத்தைக் காட்டிச் செய்யும் ஆப் இருக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஜீவன் பிரமாண் என்கிற டிஜிட்டல் உயிர்வாழ்ச் சான்றில் பென்ஷன் கொடுக்கும் ஏஜென்சி என்ற கட்டத்தில் பழக்கதோஷத்தில் பேங்க் பெயரைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். ஸ்பர்ஷில் பென்ஷன் வாங்குபவருக்கு அங்கே 'ஸ்பர்ஷ் – பிசிடிஏ பென்ஷன்ஸ் அலகாபாத்' என்று வரணும். தப்பாகப் போட்டால் சான்று பதிவான மெசேஜ் வரும், ஆனால் ஸ்பர்ஷுக்குப் போய்ச் சேராது, பென்ஷன் நிற்கும். அந்த வேலை முடிந்ததும் அதே நாற்காலியில் பிபிஓ, டிஸ்சார்ஜ் புக், ஆதார், பான், பாஸ்புக் ஐந்தையும் வரிசையாகப் பரப்பி, பெயரையும் தேதியையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வரச் சொல்லும்போதே வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். பிபிஓ எப்படி இருக்கும், வீட்டில் எங்கே இருக்கிறது என்று அவருக்குத்தான் முதலில் தெரியணும்.